மூன்று வயதுக்கு முன்: அமெரிக்காவில் குழந்தைக்கு அரசு வழி நடத்தைச் சிகிச்சை பெறுவது எப்படி

18 மாதமாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்காத குழந்தை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமல் அழுதே கேட்கும் குழந்தை, காரணம் புரியாதபடி தலையைத் தரையில் மோதிக்கொள்ளும் குழந்தை, மற்றக் குழந்தைகளைக் கடிப்பதால் பராமரிப்பு மையத்திலிருந்து திருப்பி அனுப்பப்படும் குழந்தை: இவர்கள் எல்லோருடைய பெற்றோரும் அமெரிக்காவில் நாடக்கூடிய ஒரு பொதுச்சேவை இருக்கிறது. அதன் பொதுப்பெயர் ‘ஏர்லி இன்டர்வென்ஷன்’. குறைபாடுள்ள குழந்தைகளின் கல்விக்கான ‘ஐடியா’ என்ற கூட்டாட்சிச் சட்டத்தில், பிறந்தது முதல் மூன்று வயது நிறையும் வரை உள்ள குழந்தைகளுக்கென ‘பார்ட் சி’ என்ற பகுதி இருக்கிறது. 1986இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய திருத்தத்திலிருந்து இந்தத் திட்டம் வளர்ந்தது. இன்று எல்லா மாநிலங்களும் இதில் பங்கேற்கின்றன.

இச்சேவை கிடைக்காமல் போகும் குடும்பங்களில் பெரும்பாலானவை மறுக்கப்பட்டவை அல்ல, தாமதித்தவை என்பது என் கருத்து. நம் குடும்பங்களில் இந்தத் தாமதத்துக்கென்றே சில ஆறுதல் வார்த்தைகள் இருக்கின்றன. ‘ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான்’, ‘அவன் அப்பாவே மூன்று வயதில்தான் பேசினார்’, ‘வீட்டில் தமிழ், வெளியில் ஆங்கிலம், அதனால்தான் குழம்புகிறான்’ என்பவை அன்போடு சொல்லப்படுபவைதான். ஆனால் இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வது மொழித் தாமதத்தை உண்டாக்குவதில்லை. பெயருக்குத் திரும்பாமை, சுட்டிக் காட்டாமை போன்றவற்றை அது விளக்குவதும் இல்லை. மூன்றாவது பிறந்தநாளன்று இந்தத் திட்டத்தின் கதவு மூடுகிறது என்பதால், பொறுத்துப் பார்க்கும் ஒவ்வொரு மாதமும் சேவைக்காலத்திலிருந்து கழிகிறது.

எதற்காகவும் காத்திருக்க வேண்டாம்

மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. ஆட்டிசம் என்றோ வேறு பெயரிலோ நோய்க்கண்டறிதல் எதுவும் தேவையில்லை. மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும் என்பதில்லை. வருமான வரம்பும் இல்லை. ஐடியா சட்டம் குடியுரிமையைத் தகுதி நிபந்தனையாக வைக்கவில்லை. ஆகவே வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் வந்த குழந்தைக்கும் இது பொருந்தும். பெற்றோர், தாத்தா பாட்டி, பராமரிப்பு மைய ஆசிரியர், மருத்துவர் என யார் வேண்டுமானாலும் ஒரு குழந்தையைப் பற்றித் தகவல் கொடுக்கலாம். மருத்துவர் போன்ற பரிந்துரைப்பவர்கள், ஐயம் எழுந்தால், இயன்றவரை விரைவாகவும் ஏழு நாட்களுக்கு மிகாமலும் பரிந்துரைக்க வேண்டும் என்பதும் விதி. மருத்துவர் ‘இன்னும் ஆறு மாதம் பார்ப்போம்’ என்று சொன்னாலும், நீங்கள் நேரடியாக அழைப்பதற்கு அது தடையாகாது.

கண்ணால் கண்டது போதுமா என்று தயங்குபவர்களுக்கு உதவியாக, நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி வெளியிட்டுள்ள வயதுவாரி வளர்ச்சிப் பட்டியல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கைப்பேசிச் செயலியாகவும் உள்ளன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 9, 18, 30 மாதங்களில் பொதுவான வளர்ச்சிச் சோதனையும், 18, 24 மாதங்களில் ஆட்டிசத்துக்கான சோதனையும் செய்யப் பரிந்துரைக்கிறது. 16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு ‘எம்-சாட்’ என்ற கேள்வித்தாள் பரவலாகப் பயன்படுகிறது. அதைப் பெற்றோரே நிரப்ப வேண்டும். அதில் குழந்தை ஒரு செயலை எப்போதாவது ஓரிருமுறை செய்தது என்பதற்காக ‘ஆம்’ என்று குறிப்பது நம்மில் பலர் செய்வது. வழக்கமாகச் செய்கிறதா என்பதே அங்கே கேட்கப்படுகிறது. பிள்ளையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற எண்ணத்தில் எழுதப்படும் விடை பிள்ளைக்கு உதவாது.

இரண்டு செய்திகளுக்கு மட்டும் மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். முன்பு பேசிய சொற்களையோ செய்த சைகைகளையோ குழந்தை இழந்துவிட்டால் அது அவசரம். நடத்தை திடீரென்று மாறினால் காது வலி, மலச்சிக்கல், நெஞ்சில் அமிலம் மேலேறுவது போன்ற உடல் துன்பம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இவை தவிர, பேச்சுத் தாமதமுள்ள எந்தக் குழந்தைக்கும் முழுமையான செவித்திறன் சோதனை செய்யச் சொல்லுங்கள். பிறந்தபோது மருத்துவமனையில் செய்த சோதனையில் தேறிய குழந்தைக்கும் பின்னர் கேட்கும் திறன் குறையக்கூடும்.

முதல் அழைப்பு

திட்டத்தின் பெயர் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால் பலர் தேடலிலேயே வழி தவறுகிறார்கள். கலிஃபோர்னியாவில் இது ‘ஏர்லி ஸ்டார்ட்’; அங்கே பெரும்பாலும் ‘ரீஜினல் சென்டர்’ எனப்படும் வட்டார மையத்தை அழைக்க வேண்டும். டெக்சஸில் ‘ஈசிஐ’, கனெடிகட்டில் ‘பர்த் டு த்ரீ’, ஃபுளோரிடாவில் ‘ஏர்லி ஸ்டெப்ஸ்’, மிச்சிகனில் ‘ஏர்லி ஆன்’, ஜார்ஜியாவில் ‘பேபீஸ் கான்ட் வெயிட்’ என்ற பெயர்கள் வழங்குகின்றன. உங்கள் மாநிலத்தின் பெயரோடு ‘ஏர்லி இன்டர்வென்ஷன்’ என்பதைச் சேர்த்து அரசு இணையதளங்களில் தேடினால் உங்கள் கவுன்டிக்குரிய எண் கிடைக்கும். சிடிசி தளத்திலும் மாநிலவாரி எண்கள் உள்ளன.

அழைக்கும்போது நீண்ட விளக்கம் வேண்டாம். குழந்தையின் பிறந்த தேதி, நீங்கள் வசிக்கும் இடம், உங்கள் கவலை, மதிப்பீடு செய்ய வேண்டும் என்ற கோரிக்கை ஆகிய நான்கையும் தெளிவாகச் சொன்னால் போதும். வீட்டு மொழி தமிழ் என்பதையும் அப்போதே சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறகு அதே நாளில், பேசியதையும் தேதியையும் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு: பரிந்துரை வந்து சேர்ந்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மதிப்பீட்டை முடித்து, தகுதி இருந்தால் சேவைத் திட்டத்துக்கான முதல் கூட்டத்தையும் நடத்தியிருக்க வேண்டும் என்கிறது விதி. இவை நாட்காட்டி நாட்கள். விடுமுறைகளும் கணக்கில் சேரும். குடும்பத்தின் சூழ்நிலையால் தள்ளிப்போனால் மட்டுமே இந்தக் கணக்கு தளர்கிறது. எழுத்தில் தேதி இருந்தால், ஐந்தாவது வாரத்தில் நீங்கள் கேட்கும் கேள்விக்குக் கனம் கூடும்.

இந்த அழைப்புக்குப் பின் உங்களுக்கென ‘சர்வீஸ் கோஆர்டினேட்டர்’ ஒருவர், அதாவது சேவை ஒருங்கிணைப்பாளர், நியமிக்கப்படுவார். எல்லாக் கேள்விகளையும் அவரிடமே கேட்கலாம். அவர் உங்கள் பக்கம் நின்று ஏற்பாடு செய்ய வேண்டியவர். ஆனால் ஒரே நேரத்தில் பல குடும்பங்களைக் கவனிப்பவர் என்பதால், வாரம் ஒருமுறை பணிவாக நினைவூட்டுவதில் தவறில்லை.

மதிப்பீட்டு நாள்

மதிப்பீட்டுக்குக் கட்டணம் கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளைச் சேர்ந்த அறிவு அதில் இடம்பெற வேண்டும். அறிவுத்திறன், பார்வையும் செவித்திறனும் உட்பட்ட உடல் வளர்ச்சி, தொடர்பாடல், சமூக உணர்ச்சி வளர்ச்சி, உண்பது உடுத்துவது போன்ற அன்றாடத் திறன் ஆகிய ஐந்தையும் பார்க்க வேண்டும். நடத்தைச் சிக்கலோடு வரும் பெற்றோர் இதில் நான்காவதை மறக்கக் கூடாது. குழந்தை நன்றாக நடக்கிறது, பேசுகிறது, ஆனாலும் கடிக்கிறது, யாரிடமும் ஒட்டுவதில்லை, தேற்றவே முடிவதில்லை என்றால், சமூக உணர்ச்சி வளர்ச்சியில் காணும் தாமதமும் தகுதிக்குக் கணக்காகும்.

எவ்வளவு தாமதம் இருந்தால் தகுதி என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே வகுக்கிறது. நியூயார்க்கில் பொதுவாக ஒரு துறையில் 33 விழுக்காடு அல்லது இரண்டு துறைகளில் தலா 25 விழுக்காடு தாமதம் வேண்டும்; டெக்சஸில் பொதுவாக 25 விழுக்காடு. டவுன் சிண்ட்ரோம் போன்ற, தாமதம் பெரும்பாலும் உறுதியான நிலைகள் கண்டறியப்பட்டிருந்தால் விழுக்காட்டுக் கணக்கே இல்லாமல் தகுதி கிடைக்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குத் திருத்தப்பட்ட வயதை, அதாவது பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணும் வயதை, கணக்கிடுவது வழக்கம் என்பதால், எந்த வயதை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டாளர் வீட்டில் இருக்கும் ஒரு மணி நேரத்தில் குழந்தை தன் முழு இயல்பையும் காட்டிவிடாது. அதனால் முந்தைய இரண்டு வாரங்களில் கவலை தரும் தருணங்களைச் சிறு காணொளிகளாகப் பதிவு செய்துவைப்பது மிகவும் பயனுள்ளது: சாப்பாட்டு நேரம், வெளியே கிளம்பும் நேரம், மற்றக் குழந்தைகளோடு இருக்கும் நேரம். ஒரே ஒரு சோதனையின் மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தகுதியை முடிவு செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. மதிப்பெண் எல்லையைத் தொடாதபோதும் நிபுணர்கள் தங்கள் தேர்ந்த கருத்தின் அடிப்படையில் தகுதி அளிக்க முடியும். மாறாக, மதிப்பெண்படி தகுதி பெற்ற குழந்தையை அத்தகைய கருத்தைக் காட்டி விலக்க முடியாது.

மொழி பற்றி ஒரு சொல். நடைமுறையில் முடியாத காரணம் தெளிவாக இருந்தாலன்றி, குழந்தைக்குத் தெரிந்த மொழியிலேயே மதிப்பிட வேண்டும். தமிழ் மட்டும் கேட்டு வளரும் குழந்தையிடம் ஆங்கிலத்தில் பந்தைக் கொடு என்றால், அது எதைச் சோதிக்கிறது? ஆகவே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கணவனோ மனைவியோ மொழிபெயர்க்க நேர்ந்தால், குழந்தைக்காகக் கூடுதல் சைகை சேர்க்காமல், சொன்னதை மட்டும் சொல்லுங்கள். குழந்தை தமிழில் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் சொற்கணக்கில் சேர வேண்டும் என்பதையும் வலியுறுத்துங்கள். பேச்சுப் பயிற்சிக்காகத் தமிழைக் கைவிடச் சொல்லி யாராவது அறிவுரை கூறினால் அதை ஏற்க வேண்டியதில்லை. பெற்றோர் தமக்குச் சரளமான மொழியில் நிறையப் பேசுவதே குழந்தைக்கு நல்லது.

திட்ட ஆவணத்தில் என்ன எழுதப்பட வேண்டும்

தகுதி கிடைத்தபின் ‘ஐஎஃப்எஸ்பி’ என்ற ஆவணம் தயாராகும். அந்தக் குழந்தைக்கும் குடும்பத்துக்கும் மட்டுமே உரிய சேவைத் திட்டம் அது. எந்தச் சேவை, வாரத்தில் எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம், எங்கே, யார் செலவில், எந்தத் தேதியிலிருந்து என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நீங்கள் எழுத்தில் இசைவு தராத எந்தச் சேவையும் தொடங்காது. ஒரு சேவையை வேண்டாமென்று சொல்லி மற்றவற்றை ஏற்றுக்கொள்ளவும் உரிமை உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபார்வையும் ஆண்டுதோறும் முழு மதிப்பாய்வும் நடைபெறும். இடையிலும் கூட்டம் கேட்கலாம்.

இலக்குகளை எழுதும் இடத்தில் பெற்றோர் அதிகம் பேச வேண்டும். ‘நடத்தை மேம்படும்’ என்ற இலக்கை யாராலும் அளக்க முடியாது. ‘உணவு மேசையில் போதும் என்று தோன்றும்போது தட்டை வீசாமல், கையசைத்தோ ஒரு சொல் சொல்லியோ தெரிவிப்பான், வாரத்தின் பெரும்பாலான உணவு வேளைகளில் இது நடக்கும்’ என்ற இலக்கை அளக்கலாம். உங்கள் வீட்டில் எந்த வேளை மிகக் கடினமானதோ அதிலிருந்து இலக்கை எடுங்கள். சட்டமும் அதையே விரும்புகிறது: சேவைகள் இயன்றவரை குழந்தையின் இயல்பான சூழலில், அதாவது வீட்டிலோ பராமரிப்பு மையத்திலோ நடக்க வேண்டும்.

நடத்தைச் சிகிச்சையில் நடப்பது என்ன

இரண்டு வயதுக் குழந்தையிடம் பேசித் திருத்தும் சிகிச்சை இல்லை. நடத்தைச் சிகிச்சை குழந்தையைச் சுற்றியுள்ள பெரியவர்களின் செயலை மாற்றி, அதன் வழியே குழந்தைக்குப் புதிய திறன்களைக் கற்பிக்கிறது. முதல் வேலை கவனிப்பது. அழுகையோ அடியோ கடியோ நடப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, குழந்தை சரியாக என்ன செய்தது, அதன்பின் குழந்தைக்கு என்ன கிடைத்தது என்ற மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் சில நாட்கள் எழுதிவந்தால், பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தெரியத் தொடங்கும். ஒரு பொருளைப் பெற, கவனத்தை ஈர்க்க, பிடிக்காததிலிருந்து தப்பிக்க, அல்லது அந்தச் செயலே உடலுக்குத் தரும் உணர்வுக்காக என்று நடத்தையின் பயனை நான்காகப் பிரித்துப் பார்ப்பது இத்துறையின் வழக்கம். ஒரே கடி இரண்டு குழந்தைகளிடம் இரண்டு வேறு பயன்களுக்காக இருக்கலாம். ஆகவே இரண்டுக்கும் வழி வேறு.

பயன் தெரிந்தபின், அதே பயனை எளிதாகப் பெறும் வேறொரு வழி கற்பிக்கப்படுகிறது. கைப்பேசியைக் கேட்டுத் தலையை மோதும் குழந்தைக்குக் கையை நீட்டி ‘தா’ என்று கேட்கும் சைகை பழகிய வழியைவிடச் சுலபமாகவும் உடனடியாகவும் பலன் தர வேண்டும். தொடக்கத்தில் அது கேட்கும் ஒவ்வொரு முறையும் பலன் கிடைக்க வேண்டும். காத்திருப்பதும் மறுப்பை ஏற்பதும் பிறகு சிறிது சிறிதாகக் கற்பிக்கப்படும் தனித் திறன்கள். தண்டனையைவிட இந்த மாற்று வழிதான் பலன் தருகிறது. ஏனெனில் தண்டனை எதைச் செய்யக் கூடாது என்பதைச் சொல்கிறதே தவிர, எதைச் செய்வது என்பதைக் கற்பிப்பதில்லை.

பெற்றோர் மனம் தளரும் இடம் ஒன்றை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். பழைய நடத்தைக்குப் பலன் கிடைப்பது நின்றவுடன், அது குறைவதற்கு முன் சில காலம் கூடும். பத்து நிமிட அழுகை இருபது நிமிடமாகும். அந்த நேரத்தில் விட்டுக்கொடுத்தால், இன்னும் நீண்ட நேரம் அழுதால்தான் கிடைக்கும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. தலையை மோதுவது போலக் காயம் நேரக்கூடிய நடத்தையில் இதை நீங்களாகவே முயலாதீர்கள். பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சிகிச்சையாளரோடு பேசி முடிவு செய்த பின்னரே தொடங்குங்கள்.

நம் வீடுகளில் இன்னொன்றும் சேர்கிறது. ஊரிலிருந்து சில மாதம் வந்து தங்கும் தாத்தா பாட்டி, குழந்தை அழுவதைத் தாங்க மாட்டார்கள். அவர்களை விலக்கி வைப்பதைவிடச் சிகிச்சையாளர் வரும் நேரத்தில் கூடவே உட்காரச் சொல்வது நல்லது. பாட்டி சோறு ஊட்டும் வேளையே பயிற்சி வேளையாக மாறினால், அந்த வீட்டில் குழந்தைக்குக் கிடைக்கும் பயிற்சி பல மடங்காகும். பெரியவர்கள் எல்லோரும் ஒரே விதமாக நடந்துகொள்வது இந்த வயதில் மிக முக்கியம்.

இந்தத் திட்டத்தில் சிகிச்சையாளர் வாரத்தில் ஓரிரு மணி நேரம் மட்டுமே வருவது பல மாநிலங்களில் வழக்கம். ‘இவ்வளவுதானா’ என்று பெற்றோர் ஏமாற்றம் அடைகிறார்கள். அந்த நேரம் குழந்தைக்குப் பாடம் நடத்துவதற்காக அன்று, பெற்றோருக்குப் பழக்கிக் கொடுப்பதற்காக ஒதுக்கப்பட்டது. ஆகவே அவர் வந்ததும் சமையலுக்கோ அலுவலக அழைப்புக்கோ எழுந்து போகாதீர்கள். அவர் செய்வதைப் பார்த்து, அவர் முன்னிலையில் நீங்கள் செய்து, திருத்தம் பெற்று, வாரம் முழுவதும் குளியல், உடை, உணவு, உறக்கம் என்று எல்லா வேளைகளிலும் அதைச் செய்ய வேண்டும்.

ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைகளுக்கு, விளையாட்டின் ஊடே நடத்தை அறிவியலையும் வளர்ச்சி அறிவியலையும் இணைத்துக் கற்பிக்கும் முறைகள் உருவாகியிருக்கின்றன. சாலி ராஜர்ஸ், ஜெரால்டின் டாசன் ஆகியோர் உருவாக்கிய ‘ஏர்லி ஸ்டார்ட் டென்வர் மாடல்’ அவற்றில் ஒன்று. இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களின் கடும் பிடிவாதம், அடித்தல் போன்றவற்றுக்கு, ஷீலா ஐபர்க் உருவாக்கிய ‘பிசிஐடி’ முறையில், பெற்றோர் குழந்தையோடு விளையாட, சிகிச்சையாளர் காதுக்கருவி வழியாக அந்த நொடியே வழிகாட்டுகிறார். உங்கள் பகுதியில் இவற்றில் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா என்று ஒருங்கிணைப்பாளரைக் கேளுங்கள்.

ஏபிஏ: இரண்டு வரிசைகளில் ஒரே நாளில் நிற்பது

‘ஏபிஏ’ எனப்படும் நடத்தைப் பகுப்பாய்வுச் சிகிச்சை வாரத்துக்குப் பல மணி நேரம் வேண்டுமென்றால், அது எந்த வழியாக வரும் என்பது மாநிலத்தைப் பொறுத்தது. நியூயார்க்கில் ஏர்லி இன்டர்வென்ஷன் திட்டத்துக்குள்ளேயே அதைத் திட்ட ஆவணத்தில் சேர்க்கலாம். மாசசூசெட்ஸில் ஆட்டிசம் கண்டறியப்பட்ட குழந்தைக்கு அத்திட்டத்தின் சிறப்புச் சேவையாகக் கிடைக்கிறது. பல மாநிலங்களில் அது மெடிகெய்ட் எனப்படும், முதன்மையாக வருமானம் குறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டின் வழியாகவோ தனியார் காப்பீட்டு வழியாகவோதான் வருகிறது. அந்த இரண்டு வழிகளிலும் பெரும்பாலும் முறையான நோய்க்கண்டறிதல் கேட்பார்கள். கலிஃபோர்னியாவின் மெடிகெய்ட் திட்டமான மெடி-கால் அதில்லாமலும் மருத்துவத் தேவையின் அடிப்படையில் நடத்தைச் சிகிச்சைக்கு இடமளிக்கிறது.

கண்டறிதலுக்காகக் குழந்தைகள் மருத்துவமனைகளில் நீண்ட காத்திருப்பு இருப்பது நாடெங்கும் உள்ள நிலை. அதனால் கண்டறிதல் முடியட்டும், பிறகு அரசுத் திட்டத்தை அழைப்போம் என்று வரிசைப்படுத்தாதீர்கள். இரண்டு இடங்களுக்கும் ஒரே நாளில் அழையுங்கள். மருத்துவமனையில் யாராவது நேரத்தை ரத்து செய்தால் தகவல் தரும் பட்டியலிலும் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

மெடிகெய்ட் உள்ள 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு ‘இபிஎஸ்டிடி’ என்ற விதி பொருந்தும். பரிசோதனையில் தெரியவந்த நிலைக்கு மருத்துவ ரீதியாகத் தேவையான சிகிச்சையை மாநிலம் வழங்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆட்டிசத்துக்கான சேவைகளுக்கும் இது பொருந்தும் என்று கூட்டாட்சி அரசு 2014 ஜூலையில் மாநிலங்களுக்கு விளக்கியது. வருமானம் அதிகமென்று விட்டுவிடாதீர்கள்: குறைபாடுள்ள குழந்தைக்குப் பெற்றோர் வருமானத்தைக் கணக்கில் கொள்ளாமல் மெடிகெய்ட் தரும் வழிகள் பல மாநிலங்களில் உள்ளன. பென்சில்வேனியா அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘கேட்டி பெக்கெட்’ என்ற பெயரிலும் வழக்கமான மெடிகெய்ட் விதிகளிலிருந்து விலக்கு தரும் ‘வெய்வர்’ என்ற பெயரிலும் பிற மாநிலங்களில் தேடலாம். சில வெய்வர்களுக்குக் காத்திருப்புப் பட்டியல் நீளம் என்பதால் விண்ணப்பத்தை முன்னரே கொடுத்துவிடுவது நல்லது. மெடிகெய்டுக்கு ஏர்லி இன்டர்வென்ஷன் போலன்றிக் குடியேற்ற நிலை சார்ந்த விதிகள் உண்டு. விசாவில் இருப்பவர்கள் விண்ணப்பத்துக்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தனியார் காப்பீட்டில் ஆட்டிசம் சிகிச்சைக்கு இடமளிக்க வேண்டும் என்று 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வகையில் சட்டம் உள்ளது. ஆனால் நிறுவனமே தன் பணத்தில் நடத்தும் ‘செல்ஃப்-ஃபண்டட்’ காப்பீடுகள் மாநிலச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதில்லை. மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் நம்மவர்களில் பலருக்கு இருப்பது இந்த வகைதான். பல பெரிய நிறுவனங்கள் தாமாகவே ஏபிஏவைச் சேர்த்திருக்கின்றன. உங்கள் நிறுவனம் சேர்த்திருக்கிறதா என்று மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள்.

சிகிச்சை நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது யார் நேரடியாகக் குழந்தையோடு இருப்பார்கள் என்று கேளுங்கள். திட்டம் வகுப்பவர் முதுகலைப் பட்டமும் சான்றும் பெற்ற நடத்தைப் பகுப்பாய்வாளரான ‘பிசிபிஏ’. தினமும் வருபவர் பெரும்பாலும் 40 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் முடித்த, அவருக்குக் கீழ் பணிபுரியும் ‘ஆர்பிடி’. முன்னவர் எவ்வளவு அடிக்கடி நேரில் வந்து மேற்பார்வை செய்கிறார் என்பது தரத்தைக் காட்டும். சிறு வயதில் ஏபிஏ பெற்று வளர்ந்த ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், கீழ்ப்படிதலை மட்டும் நோக்காகக் கொண்ட பழைய முறைகள் தங்களைப் புண்படுத்தியதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். கண்ணோடு கண் பார்க்கக் கட்டாயப்படுத்துவது, யாருக்கும் தீங்கில்லாத கையசைவை அடக்குவது, உணவைப் பிடித்துவைத்து வேலை வாங்குவது, பெற்றோர் பார்க்கக் கூடாது என்பது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் வேறு இடம் தேடுங்கள். நல்ல சிகிச்சையாளரைக் கண்டால் குழந்தை வாசலுக்கு ஓடிவரும்.

செலவு

மதிப்பீடு, சேவை ஒருங்கிணைப்பு, திட்ட ஆவணம் தயாரித்தல், உரிமைப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு எந்த மாநிலத்திலும் கட்டணம் கூடாது. சிகிச்சைக்குச் சில மாநிலங்கள் வருமானத்துக்கேற்ற பங்கைக் கேட்கின்றன. நியூ ஜெர்சி, டெக்சஸ் அப்படிப்பட்டவை. நியூயார்க்கில் குடும்பத்துக்குச் செலவில்லை. கட்ட இயலாத குடும்பத்துக்குச் சேவையை மறுக்கக் கூடாது. உங்கள் தனியார் காப்பீட்டைப் பயன்படுத்தும் இசைவுப் படிவத்தில் கையெழுத்திடும் முன், அது ஆண்டு வரம்பைப் பாதிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுத்தால், தாமதித்தால்

தகுதியில்லை என்றாலோ கேட்ட சேவையைத் தர மறுத்தாலோ, காரணத்தோடு கூடிய எழுத்து அறிவிப்பை உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். அதன்பின் சமரசப் பேச்சு, மாநில அலுவலகத்துக்கு எழுத்து முறையீடு, நடுவர் முன் விசாரணை என மூன்று வழிகள் உள்ளன. எழுத்து முறையீட்டுக்கு வழக்கறிஞர் தேவையில்லை. 60 நாட்களுக்குள் முடிவு தர வேண்டும். கருத்து வேறுபாடு தீரும் வரை, நீங்கள் ஏற்கனவே இசைவு தந்த சேவைகள் தொடரும். ‘ஆள் இல்லை’ என்ற பதிலைத்தான் அதிகம் கேட்க நேரும். அப்போது தொலைக்காணொளி வழியிலோ அடுத்த கவுன்டியிலிருந்தோ ஏற்பாடு செய்ய முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் கூட்டாட்சி நிதியுதவியோடு இயங்கும் பெற்றோர் பயிற்சி, தகவல் மையம் இருக்கிறது. அங்கே கட்டணமின்றி வழிகாட்டுவார்கள்.

மூன்றாவது பிறந்தநாள் நெருங்கும்போது

மூன்று வயது நிறைந்ததும் பொறுப்பு உள்ளூர்ப் பள்ளி மாவட்டத்துக்கு மாறுகிறது. அதற்கான மாற்றக் கூட்டம் பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன் நடக்க வேண்டும். எல்லோரும் ஒப்புக்கொண்டால் ஒன்பது மாதம் முன்பே நடத்தலாம். பள்ளி விடுமுறை இடையில் வரும் என்றால் முன்கூட்டியே நடத்தச் சொல்லுங்கள். பள்ளி மாவட்டம் புதிதாக மதிப்பீடு செய்யும். அங்கே தகுதி விதிகள் வேறு, நோக்கமும் கல்விதான், ஆகவே இங்கே தகுதி பெற்றது அங்கே தானாகச் செல்லாது. தகுதி பெற்றால் ‘ஐஈபி’ என்ற கல்வித் திட்டம் பிறந்தநாளன்றே தயாராக இருக்க வேண்டும். மேரிலாந்து போன்ற சில மாநிலங்களில் ஐஎஃப்எஸ்பியையே தொடரும் தெரிவும் உண்டு.

குழந்தைக்கு ஏற்கனவே இரண்டு வயது பத்து மாதம் தாண்டிவிட்டதா? பிறந்தநாளுக்கு 45 நாட்களுக்கும் குறைவாக இருந்தால் ஏர்லி இன்டர்வென்ஷன் அலுவலகம் மதிப்பீடு செய்யக் கடமைப்பட்டதன்று. அப்போது நேரடியாக உங்கள் பள்ளி மாவட்டத்தின் ‘சைல்ட் ஃபைண்ட்’ பிரிவுக்கு, சிறப்புக் கல்விக்கான மதிப்பீடு வேண்டும் என்று எழுதுங்கள். மெடிகெய்ட் வழியும் காப்பீட்டு வழியும் மூன்று வயதோடு முடிவதில்லை. அவை பள்ளியின் முடிவைச் சார்ந்தவையும் அல்ல. திட்டத்தில் இருக்கும் குழந்தைகளின் பெற்றோர், கடைசி மாதத்தில் ஒவ்வொரு சிகிச்சையாளரிடமும் முன்னேற்ற அறிக்கையையும் நடத்தைப் பதிவுகளின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்தச் சைகை, எந்தச் சொல், எந்த ஏற்பாடு அந்தக் குழந்தைக்குப் பலன் தந்தது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, அந்த நகல்களோடு பள்ளி மாவட்டத்தின் முதல் கூட்டத்துக்கே கொண்டுசெல்லுங்கள்.